உதவி: இரவு அப்டேட் அனுப்பினேன், விடியப் பார்த்தால் 5 நீர்மட்டக் கருவியைக் (மீற்றரை) காணவில்லை

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்கால்களில் நீர்மட்டம் பார்க்க 14 மீற்றர் கருவி வைத்திருக்கிறோம். உள்ளே இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சிப், 4 எம்பி பிளாஷ் நினைவகம், சிம் மொடம், சின்ன சோலர் பனல், பற்றரி. சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஓடுகிற நேரம் இது. கமக்காரர் போனில் மட்டத்தைப் பார்த்துத்தான் இரவில் வயலுக்குப் போவதா என்று முடிவெடுக்கிறார்கள். முந்தநாள் இரவு புது ஃபேர்ம்வெயார் (கருவிக்குள் ஓடுகிற மென்பொருள்) அனுப்பினேன், 9 மீற்றர் திரும்ப இணைந்தது, 5 இணையவில்லை. புதியது பிழைத்தால் பழையதற்குத் திரும்புகிற ரோல்பேக் இருக்கிறது, ஃபேர்ம்வெயார் வைக்க பிளாஷில் இரண்டு பார்ட்டிஷன் (பகுதி) இருக்கிறது, பழைய ஃபேர்ம்வெயார் மற்றதில் அப்படியே கிடக்கிறது, ஆனாலும் அதற்குத் திரும்பவில்லை. ஒன்றிடம் மோட்டார் சைக்கிளில் போய் லப்டொப்பைக் கொழுவினேன்: புதியது நன்றாக ஓடுகிறது, மட்டமும் அளக்கிறது, மொடம் மட்டும் டேட்டாவில் இணையவில்லை. மற்ற நாலும் யானை இறங்குகிற பக்கம், பொழுதுபட்டால் போக முடியாது. எங்கே பிழை விட்டேன்?

பதில் (வவுனியா)

தம்பி, ஆர்டுயினோவில்தானே எழுதினீங்கள்? அதில் உங்கள் கோடின் செட்டப் ஃபங்ஷன் தொடங்க முன்னமே, பூட் ஆனவுடன், அதுவாகவே “இந்த ஃபேர்ம்வெயார் சரி” என்று குறித்துவிடும். அதற்குப் பிறகு, எந்த ஃபேர்ம்வெயாரை ஓட்டுவது என்று தொடக்கத்தில் தீர்மானிக்கிற பூட்லோடருக்குப் பழையதற்குத் திரும்பிப் போகக் காரணமே இல்லை. ‘வெரிஃபை ரோல்பேக் லேட்டர்’ என்ற ஃபங்ஷனை நீங்களே எழுதி, உண்மை என்று திருப்பிக் கொடுத்தால் அந்தக் குறிப்பு உங்கள் கையில் வரும். பிறகு எப்போது குறிப்பது? சென்சர் வாசித்ததும் இல்லை, மொடம் சிக்னல் காட்டியதும் இல்லை. புது ஃபேர்ம்வெயார் தானே சேர்வரை எட்டி, அடுத்த அப்டேட் இருக்கிறதா என்று கேட்டு, பதில் வாங்கின பிறகுதான். 15 நிமிடத்துக்குள் அது நடக்காவிட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகட்டும். குறிக்காமல் ரீஸ்டார்ட் ஆனால் பூட்லோடர் பழையதை எடுக்கும். அடுத்த அப்டேட்டை வாங்க முடியாத மீற்றர், என்ன அளந்தாலும், எனக்குப் பழுதான மீற்றர்தான்.

பதில் (முல்லைத்தீவு)

அண்ணை சொன்னது சரி, ஆனால் அந்த நேரம் டவரே இல்லாமல் இருந்தால்? எங்கள் பக்கம் மழைக்கு அடிக்கடி போகும். நல்ல ஃபேர்ம்வெயாரும் திரும்பிவிடும், பிறகு திரும்பத் திரும்ப இறக்கி டேட்டாவை முடிக்கும். ஒரு பதிப்பை எத்தனை தரம் முயன்றது என்று என்விஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் செட்டிங் அழியாத பிளாஷ் பகுதி) எழுதி, 3 தரத்தோடு நிறுத்துங்கள். அதோடு ஒரு கேள்வி: அந்த 5இலும் வேறு கம்பனி சிம்மா?

கேள்வி கேட்டவர்

ஓம், 5இலும் வேறு சிம்! ஏபிஎன் (சிம் கம்பனியின் டேட்டாவில் இணையக் கொடுக்கிற பெயர்) முதலிலே என்விஎஸ்ஸில் தனிப் பெயரில் இருந்தது, இந்த முறை எல்லா செட்டிங்கையும் ஒரே பொதியாக்கிப் பழையதை அழித்தேன். மாற்றுகிற இடத்தில் ஏபிஎன்னை எடுக்க விட்டுவிட்டேன். மற்ற 9உம் கோடில் இருக்கிற டிஃபோல்ட் ஏபிஎன்னில் இணைந்திருக்கின்றன.

பதில் (வவுனியா)

அப்படியென்றால் ரோல்பேக் நடந்திருந்தாலும் தப்பியிருக்காது தம்பி. பார்ட்டிஷன் இரண்டு, என்விஎஸ் ஒன்றுதான். பழைய ஃபேர்ம்வெயார் திரும்பி வந்து ஏபிஎன்னைத் தேடும், அங்கே இருக்காது. புதிய செட்டிங்கைப் புதுப் பெயரில் எழுதுங்கள், பழையதைத் தொடாதீங்கள், இரண்டு பதிப்பு தாண்டின பிறகு அழிக்கலாம்.

இன்னொன்று, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏபிஎன் தேவையில்லை. ஒரு எஸ்எம்எஸ் வந்தால் அதில் இருக்கிற ஏபிஎன்னை எடுத்துக்கொள், தேவையென்றால் பழைய பார்ட்டிஷனுக்குப் போ என்று எழுதி வைத்திருந்தால் யானைப் பக்கம் போகத் தேவை வந்திராது. ஆனால் அனுப்புகிற நம்பரை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு இரகசியச் சொல் வையுங்கள். 14க்கும் ஒரே இரவில் அனுப்புவதையும் விடுங்கள். ஒவ்வொரு சிம் வகையிலும் ஒன்று, வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதாகப் பார்த்து, இரண்டு நாள் ஓடட்டும்.

கேள்வி கேட்டவர் (அடுத்த நாள்)

மேசையில் வைத்துப் பார்த்தேன். பிழையான ஏபிஎன் கொடுத்தேன், 15 நிமிடத்தில் பழையதற்குத் திரும்பி சேர்வரோடு இணைந்தது. அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும்போது பற்றரியையும் இரண்டு தரம் கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை, பழையதிலேயே எழும்பியது. விடிய 6 மணிக்கு இரண்டு பேராகப் போய் மிச்ச நாலையும் கேபிளில் மாற்றிவிட்டு வருகிறோம்.