உள் ஆய்வில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருது, என்ன செய்யலாம்?

பாளை_ஸ்டோர்:
அண்ணாச்சிமாரே, என்.சி.சி. பட்டாலியன் உள் ஆய்வுக் குழுவுக்குச் செக்லிஸ்ட் எழுதுகிற பொறுப்பு. கோத் (துப்பாக்கி வைக்கிற அறை), துணி ஸ்டோர், தீயணைப்பு, அம்பை, வள்ளியூர் பக்கத்துக் கல்லூரி ஸ்டோர்கள் எல்லாம் உண்டு. ‘சரி செய்யப்பட்டது’ன்னு மூடின குறையே அடுத்த ரிப்போர்ட்டிலும் தலைகாட்டுது. செக்லிஸ்ட்டை நீளமாக்கணுமா? பார்க்கிறவரும் நம்மாளு, ஸ்டோர்காரரும் நம்மாளுங்கிறது வேற சங்கடம்.

அம்பை_சுபேதார்:
நீளமாக்காதீங்க. சாம்பிளை யார் எடுக்கிறாங்கன்னு பாருங்க. ஸ்டோர்காரர் எடுத்து நீட்டுற பூட்ஸ் எப்பவும் சரியாத்தான் இருக்கும். லெட்ஜர்ல நீங்களே 10 வரி குறிச்சு, பொருளைத் தேடிப் போங்க. அப்புறம் ரேக்ல 10 பொருளைத் தொட்டு, லெட்ஜர்ல அதோட வரியைத் தேடுங்க. முதல்ல சொன்னது குறைவைக் காட்டும். ரெண்டாவது கணக்கில் ஏறாத உபரியைக் காட்டும். உபரி இருந்தா விடாதீங்க, எங்கேயோ ஒரு குறைவை ஈடுகட்டத்தான் பெரும்பாலும் அதை வச்சிருப்பாங்க.

கோத்துக்குச் சாம்பிள் கூடவே கூடாது, முழுசாப் பார்க்கணும். தலையை மட்டும் எண்ணாம, ஒருத்தர் துப்பாக்கியில் நம்பரை வாசிக்க, இன்னொருத்தர் ரெஜிஸ்டர்ல டிக் போடணும். .303 ரைஃபிள்ல போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுற பாகம்) நம்பரும் பாடி நம்பரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. சுத்தம் பண்றப்போ மாறிடும்; மாறினா ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் தோட்டா உட்காருற இடத்துக்கும் உள்ள இடைவெளி, சந்தேகம்தான்; ஆர்மரர் (ஆயுதம் பழுதுபார்க்கிறவர்) பார்க்காம சுடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் பேரலுக்குள்ள டார்ச் அடிச்சு ஒரு தடவை தனியா பார்த்திடுங்க.

வள்ளியூர்க்காரன்:
குறை திரும்ப வரக் காரணம், ரிப்போர்ட்ல ‘என்ன’ங்கிறதோட நின்னுடுறோம். அமெரிக்க ராணுவத்து இன்ஸ்பெக்டர் ஜெனரல் பிரிவில் ஒவ்வொரு குறைக்கும் மூணு கேள்வி கேப்பாங்க: தெரியாமலா, முடியாமலா, வேணும்னே செய்யலையா? தெரியலைன்னா அங்கேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கணும். பணமோ ஆளோ இல்லைன்னா அது சி.ஓ. (பட்டாலியன் கமாண்டிங் ஆபீசர்) தீர்க்க வேண்டிய விஷயம், ஸ்டோர்காரருக்கு மெமோ கொடுத்து ஒண்ணும் ஆகாது. மூணாவதுக்குத்தான் நடவடிக்கை. மூணுக்கும் ஒரே மெமோ போனா குறை எப்படித் தீரும்?

‘சரி செஞ்சாச்சு’ன்னு கடிதம் வந்ததை மட்டும் வச்சுக் குறையை மூடவும் கூடாது. குழு நேர்ல போய்ப் பார்த்த தேதியும் கையெழுத்தும் இருந்தாத்தான் மூடணும்.

நம்மாளு சங்கடத்துக்கு: அந்தச் சார்ஜை முன்னாடி வச்சிருந்தவரை அந்த ஸ்டோருக்கு அனுப்பாதீங்க. ஆய்வுக்கு முன்னாடி தானா முன்வந்து எழுதிக் கொடுத்த குறையைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காதீங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க.

பாளை_ஸ்டோர்:
நன்றி அண்ணாச்சி. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்த முள்ளே இல்லையே, எதைப் பார்க்க?

அம்பை_சுபேதார்:
அதுக்கு முள் கிடையாது, எடைதான். சிலிண்டர்ல காலி எடை குத்தியிருக்கும். ஹோஸ், ஹாரனை (வாயு வெளியே வர்ற புனல் முனை) கழற்றிட்டு எடை போட்டு, காலி எடையைக் கழிங்க. 4.5 கிலோ வாயுவில் 450 கிராமுக்கு மேல குறைஞ்சா ரீஃபிலுக்கு அனுப்பிடணும். செக்லிஸ்ட்ல ‘சரி/சரியில்லை’ கட்டத்தை எடுத்துட்டு, எடை போட்டப்போ வந்த அளவை எழுதக் கட்டம் போடுங்க.