மறு: பிசிஓஎஸ்ஸுக்குத் தமிழ்ச்சொல்: ‘நீர்க்கட்டி’ வேண்டாம் என்பது ஏன்

எல்லோருக்கும் வணக்கம்,

பிசிஓஎஸ் (polycystic ovary syndrome) என்ற ஹார்மோன் கோளாற்றுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘சினைப்பை நீர்க்கட்டி’ மக்கள் வாயில் ஊறிவிட்ட சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஊறிவிட்டது உண்மைதான். ‘கருப்பை நீர்க்கட்டி’ என்றும்தான் ஊறியிருக்கிறது, அதற்காகச் சினைப்பையில் இருப்பதைக் கருப்பையில் கொண்டுபோய் வைக்க முடியுமா? அது கிடக்கட்டும். நாம் இப்போது தொகுப்பது பிசிஓஎஸ்ஸையும் மார்பக நலத்தையும் சேர்த்துப் பேசும் பகுதி, சிக்கலே அங்கேதான். மார்பகத்தில் வருவது அசல் நீர்க்கட்டி. பால் சுரக்கும் நுண்மடலின் குழாய் விரிந்து, தனக்கென்று உட்சுவர் கொண்ட பையாகி, உள்ளே நீர் தேங்கி நிற்கும். ஊசியால் உறிஞ்சினால் சுருங்கிவிடும். பிசிஓஎஸ்ஸில் ஸ்கேன் காட்டுபவை அப்படியல்ல. முட்டையைச் சுமந்து வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நுண்ணிய பைகள் (ஆங்கிலத்தில் ஃபாலிக்கிள்) அவை, பெரும்பாலும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான் இருக்கும், பல நேரம் சினைப்பையின் விளிம்பில் வரிசையாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் படிக்கிற பெண் என்ன நினைப்பார்? கீழே இருந்தது மேலே பரவிவிட்டது என்றுதான். ‘கட்டி’ என்றாலே புற்றுநோய் நினைவுக்கு வரும் மொழியில், அது ‘மார்பகம்’ பக்கத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

மூலப்பெயரே கோணலானது என்பதையும் மறக்க வேண்டாம். 1935இல் ஸ்டைன், லெவந்தால் என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது கண்ணில் பட்டது வீங்கிய சினைப்பை, அதனால் பெயர் அந்த உறுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வரையறைப்படி, ஒழுங்காக முட்டை வெளிவராமை, ஆண்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும்; அதாவது ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதவருக்கும் பிசிஓஎஸ் இருக்கலாம். 2012இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய குழு இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்றுங்கள் என்றே பரிந்துரைத்தது. அவர்களே சலித்துக்கொண்ட சொல்லை நாம் ஏன் எழுத்துக்கு எழுத்து பெயர்க்க வேண்டும்?

> ஃபாலிக்கிளுக்கு ‘நுண்ணறை’ என்று வைக்கலாமே, ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறதே.

இருக்கிறது, நுரையீரலின் காற்றறைக்கு. அதுபோக முடி முளைக்கும் இடத்தையும் சிலர் நுண்ணறை என்கிறார்கள், பிசிஓஎஸ்ஸிலோ முகத்தில் முடி வளர்வதும் ஒரு முக்கிய அறிகுறி, ஒரே பத்தியில் இரண்டு நுண்ணறை வந்து முட்டிக்கொள்ளும். முடிக்கு ‘மயிர்க்கால்’ நல்ல சொல், அதை விட வேண்டாம். சினைப்பையின் ஃபாலிக்கிளுக்கு என் பரிந்துரை சினைக்குமிழ். உள்ளே நீர், மேலே மெல்லிய சுவர், முதிர்ந்தால் உடையும். ‘முட்டை வெடிக்கவில்லை’ என்று ஸ்கேன் அறையில் சொல்கிறார்களே, வெடிக்காதது முட்டையல்ல, இந்தக் குமிழ்தான். ஆகவே நோயின் பெயர் பல்குமிழ்ச் சினைப்பை நோய்த்தொகை. சிண்ட்ரோமுக்கு வழங்கும் ‘நோய்க்குறி’ ஒற்றை அறிகுறியையும் சுட்டுவதால் அதைத் தவிர்த்தேன். நீளம்தான், சரி, பேச்சில் எப்படியும் பிசிஓஎஸ் என்றுதான் சொல்வார்கள்.

மார்பகப் பக்கத்தில், நார்த்திசு தடித்து நீர்க்கட்டிகளும் வரும் நிலைக்கு (fibrocystic change) என் பரிந்துரை நார்நீர்க்கட்டி மாற்றம். கடைசிச் சொல் ‘நோய்’ ஆகிவிடக் கூடாது. ஆங்கிலத்திலும் 1980களில்தான் இதை நோய் என்று சொல்வதை விட்டு மாற்றம் என்று சொல்லத் தொடங்கினார்கள், அத்தனை பெண்களுக்கு இயல்பாக வருவதை நோய் என்று எப்படிச் சொல்வது என்று.

அப்புறம் ‘மட்டுப்படாத ஈஸ்ட்ரோஜன்’ (unopposed estrogen), அதாவது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் கட்டுப்பாடு இல்லாத ஈஸ்ட்ரோஜன். சொல் அழகாக இருக்கிறது, முன்மொழிந்தவருக்குப் பாராட்டு. ஆனால் கருப்பைப் பகுதியோடு நிறுத்திக்கொள்வோம். சினைக்குமிழ் உடையாவிட்டால் புரோஜெஸ்டிரோன் போதுமான அளவு சுரக்காது, அதனால் கருப்பை உட்படலம் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலில் தடித்துக்கொண்டே போகும், அங்கே புற்றுநோய் அபாயம் கூடுவது தெளிவு. மார்பகத்தில் கணக்கு வேறு. அங்கே புரோஜெஸ்டிரோன் கடிவாளம் அல்ல. மாதச் சுழற்சியின் பின்பாதியில், அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மார்பகச் செல்கள் கூடுதலாகப் பிரிகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில், 2002இல் மார்பகப் புற்றுநோய் கூடியதைக் கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கை மருந்து) சேர்த்துக் கொடுத்த பிரிவுதான். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. ‘மட்டுப்படாத’ என்று மார்பகப் பத்தியில் எழுதினால், யாரும் நிறுவாத ஒன்றை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

விளக்கக் குறிப்பில், பிசிஓஎஸ் இருப்பதாலேயே மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்ற வரி கட்டாயம் வர வேண்டும். உடல் பருமன் தனிக் கதை, மாதவிடாய் நின்ற பிறகு அதுவே அபாயத்தைக் கூட்டும். கருவுறாத, பாலூட்டாத பெண்ணுக்கு முலைக்காம்பில் பால் போலக் கசிந்தால் அதையும் பிசிஓஎஸ் கணக்கில் எழுதிவிடாமல் பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். மார்பகத்தில் புதிதாகத் தடிப்பு தட்டுப்பட்டால், பிசிஓஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

‘நோய்த்தொகை’ பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல் அனுப்புங்கள், எதுவானாலும் ஒப்புக்கொள்கிறேன். சினைக்குமிழை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.