ரெண்டர் 63 சதவீதத்தில் நின்று மென்பொருள் மூடிக்கொள்கிறது, ரேம் கூட்டினால் சரியாகுமா?

மழைமேகம்:
வணக்கம். தாத்தா தன் சிறுவயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல, போன வருடம் முழுக்கப் போனில் எடுத்து வைத்திருந்தேன். 41 கிளிப்கள். நடுநடுவே பழைய புகைப்படங்களைச் சேர்த்து 38 நிமிடப் படமாகக் கோத்துவிட்டேன். எடிட் செய்யும்போது பெரிய தொல்லை இல்லை. எல்லாவற்றையும் ஒரே வீடியோ கோப்பாக்க ரெண்டர் போட்டால்தான் 63 சதவீதம் வந்ததும் எந்த அறிவிப்பும் இல்லாமல் மென்பொருள் மூடிக்கொள்கிறது. ஐந்து முறை ஆகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தேன். விண்டோஸ், 8 ஜிபி ரேம். ரேம் கூட்டச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

இன்னொன்று, சில கிளிப்களில் தாத்தாவின் உதடு முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது. அடுத்த மாதம் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். உதவுங்கள்.

வெட்டிஒட்டி:
ரேமுக்கு அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 63தான். சூட்டினாலோ டிரைவர் கோளாறினாலோ விழுந்தால் பெரும்பாலும் ஒரு தடவை 40இல், ஒரு தடவை 80இல் என்று இடம் மாறும். ஐந்து முறையும் ஒரே இடம் என்றால் டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டையில்) அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. 38 நிமிடத்தில் 63 சதவீதம் என்றால் ஏறக்குறைய 24ஆவது நிமிடம். 23 முதல் 25 வரை மட்டும் தனியாக ரெண்டர் போட்டுப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால், அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போடுங்கள். அதற்கு முன் புராஜெக்டை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள்.

உதட்டுப் பிரச்சினை வேறு. போன் கேமரா நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், என்று சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் 24, 27 என்று இறங்கி ஏறும். எடிட்டரின் டைம்லைனோ ஒரே சீரான வேகத்தில் ஓடுவது. அங்கேதான் குரல் விலகுகிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் கிளிப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’ (மாறும் வேகம்) என்று காட்டும். அப்படிப்பட்டவற்றை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து, வீடியோ பகுதியில் 30, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத வேகம்) என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அதில் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூலக் கோப்புகளை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தக் கதைகளை மறுபடி எடுக்க முடியாது.

கணினிக்காரன்:
எங்கே சேமிக்கிறீர்கள்? பென்டிரைவ் என்றால், அது ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை எழுத முடியாது. சி டிரைவில் காலி இடத்தையும் பாருங்கள், தற்காலிகக் கோப்புகள் வழக்கமாக அங்கேதான் போய் விழும்.

மழைமேகம்:
சேமிப்பது வன்தட்டில்தான், 90 ஜிபி காலி. வெட்டிஒட்டி சொன்னபடி 23–25 போட்டேன், அங்கேயே விழுந்தது! ஆனால் அங்கே வீடியோவே இல்லை. தாத்தா சைக்கிளோடு நிற்கும் பழைய புகைப்படம், மெதுவாக அவர் முகத்தை நோக்கி ஜூம் ஆகிறது, அவ்வளவுதான். ஒரு படம் இப்படிச் செய்யுமா?

வெட்டிஒட்டி:
செய்யும். ஸ்கேன் செய்த படம்தானே? அதன் அளவு எத்தனை பிக்சல்?

மழைமேகம்:
12000க்கு 9600. தெளிவாக வரட்டும் என்று 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தேன்.

வெட்டிஒட்டி:
அதுதான். ஜேபெக் கோப்பாகச் சின்னதாகத் தெரியும். ஆனால் எடிட்டர் அதை விரித்துத்தான் வேலை செய்யும். 12000 × 9600, பிக்சலுக்கு 4 பைட் என்றால் சுமார் 460 எம்பி. ஜூம் வேறு இருப்பதால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதைப் புதிதாகச் சுருக்க வேண்டும், சில எடிட்டர்கள் ஒரே படத்தின் பல பிரதிகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். 8 ஜிபி திணறும்தான், ஆனால் மாற்ற வேண்டியது ரேமை இல்லை, படத்தை. உங்கள் வீடியோ 1920 அகலம் என்றால், ஜூமுக்கும் சேர்த்து 3840 அகலம் தாராளம். மற்ற ஸ்கேன்களையும் அப்படியே சுருக்கிவிடுங்கள்.

மழைமேகம்:
ஏழு படங்களையும் சுருக்கினேன். ரெண்டர் 100ஐத் தொட்டுவிட்டது! 26 கிளிப்கள் ‘வேரியபிள்’ என்று காட்டின. ராத்திரி ஹேண்ட்பிரேக் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் எல்லாம் தயார். புதிய கோப்புகளைப் பழையவற்றின் இடத்தில் இணைத்தபோது மூன்று வெட்டுகள் மட்டும் ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளிப்போயின, கையால் நகர்த்திவிட்டேன். தாத்தா ‘அப்புறம்…’ என்று இழுத்து மூச்சு வாங்கும் இடம் இப்போது உதடும் குரலும் சேர்ந்தே வருகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.