ஆங்கிலப் பாணியிலிருந்து வெஸ்டர்ன் சவாரிக்கு மாறுகிறேன்: கைகளை என்ன செய்வது?

பனிநிலத்தான்:
அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் குதிரையேற்றம் பயிலத் தொடங்கினேன். பெங்களூரில் இருந்தபோது ஆங்கிலப் பாணியில் பயின்று, ட்ராட் எனும் துள்ளுநடையில் தாளத்துக்கேற்ப எழுந்தமரவும் சிறு தடைகளைத் தாண்டவும் பழகியிருந்தேன். பணி நிமித்தமாகக் கனடாவின் கால்கரிக்கு வந்தபின், ஸ்டாம்பீட் எனும் கவ்பாய் திருவிழா 1912-இல் முதன்முதலாக நடந்த ஊரில் இருந்துகொண்டு கவ்பாய்களின் வெஸ்டர்ன் பாணியைக் கற்காமல் விடுவானேன் என்று பண்ணையொன்றில் சேர்ந்திருக்கிறேன்.

முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை கடிவாள வார் தொய்வின்றி இருக்க வேண்டும் என்று பழகிய கை, இங்கே வார் தொங்குவதைக் கண்டாலே தானாக இழுத்துப் பிடிக்கிறது. உடனே குதிரை தலையை உதறுகிறது, அல்லது பின்னால் நகர்கிறது. ஒற்றைக் கையால் வலப்புறம் திருப்ப முயன்றால், அதன் மூக்கு இடப்புறம் கோணிக்கொள்கிறது. ஜாக் எனும் மெதுவான ட்ராட்டிலும் உடல் தன் போக்கில் எழுந்தமர்கிறது. இப்படி மாறியவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

லாயக்காரன்:
ஐயா, அந்தக் குதிரை முரண்டு பிடிக்கவில்லை, வலிக்கிறது என்கிறது. நீங்கள் முன்பு பயன்படுத்தியது பெரும்பாலும் ஸ்னாஃபிள் எனும் எளிய வாயிரும்பாக இருக்கும்; அதில் நீங்கள் இழுத்த அளவே வாய்க்குப் போய்ச் சேரும். வெஸ்டர்னில் பழகிய குதிரைக்குப் பூட்டும் கர்ப் பிட் எனும் தண்டுள்ள வாயிரும்போ ஒரு நெம்புகோல். வாயிரும்புக்குக் கீழுள்ள தண்டு, மேலுள்ளதைப்போல் மூன்று மடங்கு நீளமாக இருந்தால், உங்கள் இழுப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகி வாயில் இறங்கும்; தாடைக்கடியில் செல்லும் சங்கிலியும் கூடவே இறுகும். வாரைத் தொங்கவிடச் சொல்வது இதனால்தான். நன்கு பழகிய குதிரைக்குத் தொங்கும் வாரின் கனம் சற்று அசைவதே போதுமான குறிப்பு.

திருப்பத்திலும் கோளாறு அங்கேதான் இருக்கிறது. வலப்புறம் திரும்ப, இடப்பக்க வார் கழுத்தில் படிய வேண்டும். அந்தத் தொடுகையிலிருந்து விலகத்தான் குதிரை கற்றிருக்கிறது. வார் பட்ட பிறகும் கையைக் கழுத்துக்கு அப்பால் கொண்டுபோனால், அதே வார் வாயின் இடப்பக்கத்தை இழுத்து மூக்கை வெளிப்புறம் திருப்பிவிடும். முதலில் போக வேண்டிய திசையைப் பாருங்கள், அடுத்து இடுப்பைத் திருப்பி இடக்காலை அணையுங்கள். கை கடைசியில் வந்தால் போதும்.

சில வாரங்களுக்கு ஸ்னாஃபிள் பூட்டிய குதிரையைக் கேட்டு, இரு கைகளால் ஓட்டுங்கள். வெஸ்டர்னிலும் இளங்குதிரைகளை ஸ்னாஃபிளிலோ, மூக்கின்மேல் அமரும் போசாலிலோ இரு கைகளால்தான் பழக்குகிறார்கள் என்பதால், இதில் குறைவொன்றும் இல்லை.

புல்வெளி:
லாயக்காரன் சொன்ன விளக்கம் சரி, ஆனால் பரிகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்னாஃபிளைக் கொடுத்தால் கை பழைய வேலைக்கே திரும்பிவிடும். பயிற்றுநர் நீண்ட கயிற்றில் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓட்டட்டும். நீங்கள் வாரைச் சேணத்தின் முன்புறக் கொம்பில் மாட்டிவிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்து அமர்ந்திருங்கள். மூச்சை வெளியே விட்டு, இடுப்பின் அசைவை நிறுத்தி, "வோ" என்றதும் குதிரை நிற்பதை இரண்டொரு முறை உணர்ந்துவிட்டால், வாரை இழுக்கும் ஆசை தானாகக் குறையும். மாட்டின் கழுத்தில் கயிறு வீச ஒரு கை காலியாக இருக்க வேண்டும் என்ற மெக்சிகோவின் மாடு மேய்ப்பர்களான வக்கேரோக்களின் தேவையிலிருந்து வளர்ந்த பாணி இது. கை செய்யாததை எல்லாம் இருக்கை செய்தாக வேண்டும்.

ஜாக்கில் எழுந்தமர்வது பெருங்குற்றமும் அல்ல. நீண்ட தொலைவை விரைவான ட்ராட்டில் கடக்கும்போது பண்ணையாட்களே எழுந்தமர்கிறார்கள். கொம்பைப் பிடிக்கவும் கூச வேண்டாம். மந்தையிலிருந்து மாட்டைப் பிரிக்கும் கட்டிங் போட்டிகளில் தேர்ந்த வீரர்களே ஒரு கையைக் கொம்பில் ஊன்றித்தான் அமர்கிறார்கள்.

குளம்படி:
கைகளைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டதால், நான் கால்களைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலான ஆங்கிலச் சேணங்களில், விழுந்தவரின் கால் சிக்கிக்கொண்டால் அங்கவடியின் வார் கொக்கியிலிருந்து நழுவிக் கழன்றுவிட வழியுண்டு. வழக்கமான வெஸ்டர்ன் சேணத்தில் அது கிடையாது. அகன்ற தோல்பட்டையோடு அங்கவடி சேணத்திலேயே நிற்கும். ஆகவே ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகமுள்ள மலையேற்றக் காலணிகளை அணிந்து ஏறாதீர்கள். வழவழப்பான அடியும் தெளிவான குதிகாலும் உள்ள பூட்ஸே பொருந்தும்; பாதம் முழுதாக உள்ளே நுழையாமல் குதிகால் தடுக்கும், அடி எளிதாக வழுகி வெளியே வரும்.

பண்ணையில் எல்லோரும் தொப்பி அணிந்திருப்பதைப் பார்த்து நீங்களும் தலைக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஏறுவதற்கு முன் மட்டுமல்லாமல், சிறிது தூரம் நடத்திய பிறகும் இறங்கி வயிற்றுப்பட்டையை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன.