செம்மண் புழுதியில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு எந்த பில்டர், எப்போது மாற்ற வேண்டும்?

உரும்பிராய் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பாவித்த நிலையில் வாங்கிய 150 சீ.சீ. பல்சர் ஒன்றும், மனைவியிடம் ஹொண்டா டியோ ஸ்கூட்டர் ஒன்றும் இருக்கின்றன. நான் காலையில் புன்னாலைக்கட்டுவன் பக்கம் உள்ள தோட்டத்துக்குச் செம்மண் ஒழுங்கை வழியாகப் போய், அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குச் செல்கிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஓட்டம். 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டுத் தந்த காலத்திலிருந்து, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அந்தக் கணக்கின்படி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடிய வண்டி, தென்மேற்குக் காற்று வீசும் இந்தச் சோளகக் காலத்தில் 36 க்கு இறங்கிவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சட்டிக்கரி போலக் கறுத்திருக்கிறது.

ஒவ்வொரு சேர்விஸிலும் எயார் பில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டதாகவே கராஜில் சொல்கிறார்கள். ஸ்கூட்டருக்கும் அதே வைத்தியம்தான். புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கம்பனிப் பில்டரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வேறொன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். கழுவிக் கழுவிப் பாவிக்கக்கூடிய பருத்தித் துணிப் பில்டரைப் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். ஒயில் பில்டரை ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா, ஒரு தடவை விட்டு ஒரு தடவை போதுமா என்பதிலும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோண்டாவில் மெக்கானிக்கின் பதில்:

தம்பிக்கு வணக்கம். 26 வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எந்த பில்டர் வாங்குவது என்று யோசிக்குமுன், இப்போது வண்டியில் இருப்பது எந்த வகை என்று நீங்களே திறந்து பாருங்கள். ஒரு வகைக்கு மருந்தாக இருக்கும் வேலை இன்னொரு வகைக்கு நஞ்சாகிவிடும்.

ஒரு லீற்றர் பெற்றோல் ஒழுங்காக எரிவதற்கு ஏறத்தாழ 9000 லீற்றர் காற்று வேண்டும். நீங்கள் நாளுக்கு ஒரு லீற்றர் அளவில் எரிக்கிறீர்கள் என்றால், வீட்டுக் கூரையில் வைக்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்பதை நிரப்பக்கூடிய காற்று ஒவ்வொரு நாளும் அந்தச் சிறிய பெட்டிக்குள்ளால் போகிறது. வலிகாமத்துச் செம்மண் காய்ந்தால் மாவைப் போலப் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் புழுதியிலுள்ள மணற்துகள் சிலிண்டருக்குள் போய் ஒயிலோடு சேர்ந்தால், வால்வு தேய்க்கும் பசைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. முதலில் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான றிங்ஸ் தேயும், பிறகு சிலிண்டர் தேயும். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளைவிட, ஒயில் படலத்தின் தடிப்புக்கு ஒத்த மிக நுண்ணிய துகள்தான் அதிகம் அரிக்கும்.

வகைகளுக்கு வருவோம். நுரைப்பஞ்சு வகை, அதாவது ஃபோம், ஒயில் தோய்ந்திருந்தால் மட்டுமே வேலை செய்யும். புழுதியைப் பிடிப்பது அந்த ஒயிற் பசைதான். உலர்ந்த ஃபோம் இலையானைத் தடுக்கும், செம்மண்ணைத் தடுக்காது. உலர்ந்த கடதாசி வகையை மெதுவாகத் தட்டலாம், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குறைந்த அழுத்தத்தில் தூர நின்று காற்று அடிக்கலாம், ஆனால் கழுவக்கூடாது. மூன்றாவது வகை, தொழிற்சாலையிலேயே ஒயில் ஊட்டிய கடதாசி. உங்கள் மனைவியின் டியோவில் இருப்பது இதுதான். இதைத் தொட்டால் சற்றுப் பிசுபிசுக்கும், பாவிக்கப் பாவிக்கக் கறுப்பாகத் தெரியும். கறுப்பைக் கண்டதும் பலர் காற்றடிக்கிறார்கள். அப்படி அடித்தால் புழுதி போகிறதோ இல்லையோ, அதைப் பிடித்து வைத்திருந்த ஒயிற் படலமும் கடதாசி நார்களும் குலைந்துவிடும். இந்த வகையைச் சுத்தம் செய்யவே கூடாது, காலம் வந்ததும் மாற்ற வேண்டும் என்று ஹொண்டாவின் கையேடே சொல்கிறது. ஆகவே ஸ்கூட்டருக்குப் புதிது ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, இனி யாரையும் அதில் காற்றடிக்க விடாதீர்கள்.

பல்சரின் பெட்டியைத் திறக்கும்போது, பில்டருக்குப் பின்னால், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டருக்குப் போகும் றப்பர் குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் புழுதி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பில்டர் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், அது உட்காரும் விளிம்பில் தலைமயிர் அளவு இடைவெளி இருந்தால் காற்று அந்த இலகுவான வழியைத்தான் பிடிக்கும். நான் விளிம்பைச் சுற்றி மெல்லியதாகக் கிறீஸ் பூசி மூடுவேன். அடுத்த முறை திறக்கும்போது கிறீஸில் சிவப்புக் கோடு ஒன்று உள்நோக்கிப் போயிருந்தால், ஒழுகும் இடம் அதுதான்.

மலிவான பில்டரை விலைக்காக மட்டும் ஒதுக்கச் சொல்லமாட்டேன். கையில் எடுத்து, மடிப்புகள் ஒரே சீராக இருக்கின்றனவா, இரு முனைகளிலும் பசை இடைவிடாமல் ஓடியிருக்கிறதா, விளிம்பு றப்பர் அழுத்தினால் மீண்டு வருகிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே ரோச் லைட்டைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். ஊசித் துவாரம் போல ஓரிடத்தில் வெளிச்சம் குத்தினால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். என் அனுபவத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை றப்பர் விளிம்பில்தான் தோற்கின்றன.

வடமராட்சி கிழக்கு வாசகரின் பதில்:

பருத்தித் துணிப் பில்டர் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்று வருடங்கள் பாவித்தேன். அதைக் கழுவுவதற்கென்றே தனித் திரவமும் பூசுவதற்குத் தனி ஒயிலும் வேண்டும். இரண்டும் இங்கே எப்போதும் கிடைப்பதில்லை. கழுவினால் தானாக உலரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். ஒயில் குறைந்தால் மணல் உள்ளே போகும், கூடினால் காற்று குறையும். எங்கள் மணற்காட்டுப் பக்கத்து மணல் கண்ணாடி போன்ற படிக மணல். சோளகம் வீசும் நாட்களில் அது வீதிக்குக் குறுக்கே ஓடுவதைக் காணலாம். அந்த மணலுக்குள் நாளாந்தம் ஓடும் ஒருவருக்கு அது பொருத்தமில்லை என்பதே என் முடிவு. அதிக காற்று இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் காபரேட்டர் வண்டியில் காற்று கூடினால், பெற்றோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் ஜெற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோல் குறைந்து கலவை வரட்சியாகி எஞ்சின் சூடேறும். பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவப் பில்டரை வெறுமனே மாட்டும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. முதல் மாரி மழையில் அது தண்ணீரையும் சேர்த்து இழுக்கும்.

உரும்பிராய் வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது ஃபோம். வெளிப்புறத்தில் செம்மண் ஓடு போலக் காய்ந்து படிந்திருந்தது. விரலால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. ஒரு மூலையில் காற்றடித்த இடம் போலும், பெருவிரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. உட்புறமோ கறுப்பு ஒயிலில் ஊறிச் சொட்டியது. றப்பர் குழாயைத் துடைத்த துணி, அண்ணை சொன்னது போலவே, குங்குமம் தொட்டதுபோல் சிவந்துவிட்டது. பூசாத ஒயில் உட்புறத்தில் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கோண்டாவில் மெக்கானிக்:

தம்பி, எஞ்சினுக்குள் ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சினின் ஆவி வெளியேறும் குழாய் பில்டர் பெட்டிக்குள்தான் வந்து சேர்கிறது. ஒயில் மட்டம் கூடினால் அந்த வழியாக ஒயில் ஏறிவந்து பில்டரை நனைக்கும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, நடு ஸ்ராண்டில் நேராக நிறுத்தி, எஞ்சினில் ஒயில் மட்டம் தெரியும் சிறு கண்ணாடியைப் பாருங்கள். பக்க ஸ்ராண்டில் நின்றபடி பார்த்தால் அளவு பிழைக்கும். டியோவில் கண்ணாடி இல்லை. அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல், துவாரத்தில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் அடைப்புப் போட்ட ஒரு சிறு குழாய் தொங்கும். அதைத் திறந்து தேங்கிய ஒயிலையும் தண்ணீரையும் வடியவிடுங்கள். இதை அநேகமாக யாரும் செய்வதில்லை.

கிழிந்த ஃபோமை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குங்கள். போடுமுன் ஒயில் ஊட்ட வேண்டும். ஒரு பொலித்தீன் பையில் ஃபோமை வைத்து, 90 ஆம் இலக்கக் கியர் ஒயில் கொஞ்சம் விட்டு, பையின் வெளியிலிருந்து புட்டுக்கு மாப் பிசைவதுபோல், நிறம் எங்கும் ஒரே சீராக வரும்வரை பிசையுங்கள். பிறகு இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி மிச்ச ஒயிலை எடுத்துவிடுங்கள். துணி முறுக்குவதுபோல் முறுக்கினால் கிழியும். அடுத்தடுத்த தடவைகளில் மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தியபின் இதே வேலையைச் செய்யலாம். பெற்றோலில் கழுவ வேண்டாம். தீ அபாயம் ஒரு புறம், ஒட்டுப் பசை கரைவது மறுபுறம். உங்களைப் போல் தோட்ட ஒழுங்கையில் ஓடுபவர்கள் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை 1000 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், மாரியில் 2500 க்கு ஒருமுறையும் திறந்து பார்ப்பது நல்லது. கையேட்டில் உள்ள எண் நல்ல வீதிக்கு எழுதப்பட்டது. புழுதியான இடங்களில் அடிக்கடி கவனிக்கச் சொல்லும் குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கும்.

ஒயில் பில்டருக்கு என் பதில், ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் மாற்றுங்கள் என்பதுதான். பில்டர் அடைபட்டால் எஞ்சினை வரட்சியிலிருந்து காப்பாற்ற ஒரு மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலை அப்படியே அனுப்பும். வண்டி வழமைபோல் ஓடும். உங்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கடதாசிப் பில்டரைப் போடும்போது எந்த முனை உள்ளே போக வேண்டும் என்பதையும், மூடியின் றப்பர் வளையம் புதிதா என்பதையும் பாருங்கள். திருப்பிப் போட்ட பில்டரால் இறுகிய எஞ்சின் ஒன்றை என் கையாலேயே பிரித்திருக்கிறேன். வடிக்கும் ஆணியை அளவுக்கு மேல் இறுக்கி அலுமினியப் புரியைக் கழற்றிவிடாதீர்கள். ஒயில் போத்தலில் பல்சருக்கு, மோட்டார் சைக்கிள் ஒயிலின் தரக் குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும், ஏனென்றால் கிளச் அதே ஒயிலில்தான் தோய்கிறது. கார் ஒயிலை ஊற்றினால் வழுக்கும். ஸ்கூட்டரின் கிளச் ஒயிலுக்கு வெளியே இருப்பதால் அதற்கு எம்.பி. வகை.

மானிப்பாய் ஆசிரியை:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். அப்பாவின் ஹொண்டா சி 90 ஐ இன்னும் வைத்திருக்கிறோம். அதற்கு ஒயில் பில்டரே இல்லை என்கிறார்களே, உண்மையா?

கோண்டாவில் மெக்கானிக்:

கடதாசிப் பில்டர் இல்லை, அம்மா. ஆனால் வலப்பக்க மூடிக்குள், கிளச்சோடு சேர்ந்து சுற்றும் ஒரு கிண்ணம் இருக்கிறது. அது சுற்றும் வேகத்தில் அழுக்கு வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு கம்பிவலைச் சல்லடையும் உண்டு. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளைத் திறந்தால், அந்தக் கிண்ணத்தில் களிமண் போன்ற கறுப்புப் படிவு நிறைந்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீராக்கியும் இருக்கும். அப்பாவின் வண்டி அந்தக் காலத்தைக் கடந்திருந்தால், ஒரு நல்ல கராஜில் மூடியைக் கழற்றி, புதிய கஸ்கற்றோடு ஒருமுறை சுத்தம் செய்விப்பது அவசியம்.

எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். வடித்த ஒயிலையும் பழைய பில்டரையும் வேலிக்கரையில் ஊற்றவோ எறியவோ வேண்டாம். நம் நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஊற்றியது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். பில்டரைத் துவாரம் கீழே இருக்கும்படி ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்து, ஒயிலைப் போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.

உரும்பிராய் வாசகர்:

இரண்டு வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். ஒயில் மட்டம் மேற்கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. கடந்த சேர்விஸில் போத்தல் முழுவதையும் ஊற்றியிருக்கிறார்கள். ஒயிலையும் இரண்டு பில்டர்களையும் மாற்றினேன். கொப்பியில் இப்போது லீற்றருக்கு 42 என்று எழுதியிருக்கிறேன். பிளக்கும் கறுப்பு நீங்கி மண்ணிறத்துக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே உள்ளே போன புழுதியால் றிங்ஸ் பழுதாகியிருக்குமா என்பதை எப்படி அறிவது?

கோண்டாவில் மெக்கானிக்:

ஒயில் மட்டத்தை மேற்கோட்டில் வைத்து, மீற்றரில் உள்ள எண்ணையும் அந்தக் கொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 1000 கிலோமீற்றர் ஓடியபின் அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். மட்டம் சற்றே இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டாலோ, முறுக்கும்போது நீலப் புகை தள்ளினாலோ, எஞ்சினைக் கழற்றுமுன் கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை எதையும் பிரிக்க விடாதீர்கள்.