நீண்ட அலை எங்கள் கிணற்றடிக்கும் வந்ததா?

திருநெல்வேலி மாணவன்:
ரஷ்யப் பொருளியலாளர் கொண்ட்ராட்டியெவ் 1920களில் சொன்ன நீண்ட அலைகளை, அதாவது 40–60 ஆண்டுக் கணக்கில் பொருளாதாரம் ஏறி இறங்குவதை, படிக்கிறேன். அந்த அலைகளுக்குக் காட்டும் உதாரணங்கள் நீராவி, ரயில், மின்சாரம் என்று எல்லாம் ஐரோப்பாக் கதை. இங்கே எங்கள் யாழ்ப்பாணத்தில் அப்படி ஏதும் தெரிந்ததா, அண்ணைமார்?

கோண்டாவில் தோட்டக்காரன்:
தம்பி, நான் அலையைப் பார்த்தது கிணற்றடியில்தான். அப்பு காலத்தில் துலா (கிணற்று ஏற்றம்) மிதிக்க ஒருவர், தண்ணி அள்ளும் பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற ஒருவர். மண்ணெண்ணெயில் ஓடித் தண்ணி இறைக்கும் மெசின் வந்தபிறகு அப்பு தனி ஆளாக விடிய முன்னமே வெங்காயத்துக்கு இறைத்து முடித்துவிடுவார். ஆனால் காசு வந்தது மெசினால் மட்டுமில்லை. 1970களில் இலங்கை அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. எங்கள் வீட்டுக்குச் சீமெந்துத் தரை வந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதிக்குச் சந்தையைத் திறந்தார்கள், விலை விழுந்தது. மெசின் அதே மெசின்தான்!

சைக்கிள்காரன்:
90களில், போர்க்காலத்தில், கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டோம். அதை எந்த அலையில் சேர்ப்பீர்கள்?

திருநெல்வேலி மாணவன்:
அலைகளைப் புத்தாக்கத்தோடு, அதாவது புதுக் கண்டுபிடிப்புகள் தொழிலுக்குள் வருவதோடு, சேர்த்துப் பார்த்தவர் பொருளியலாளர் சும்பீட்டர், 1939இல். இறக்குமதிக் கட்டுப்பாட்டை அதில் எங்கே வைப்பதென்றுதான் யோசிக்கிறேன். சரி, அந்த மெசின் இன்னும் இருக்கிறதா?

கோண்டாவில் தோட்டக்காரன்:
மாட்டுக் கொட்டிலில் கிடக்கிறது. வாரும், கயிறு இழுத்துப் பார்ப்போம்.