துத்தநாகம் அதிகமுள்ள சேற்றில் ஆம்பிபாட்கள் பிழைக்கின்றன, குறைவானதில் சாகின்றன. எங்கே பிழை?

மெரபேங்க் பெண்:
அண்ணா, அக்கா, யாராவது கொஞ்சம் பாருங்கள். முதுகலை ஆய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகக் குடாவில் இரண்டு இடத்தில் சேறு எடுத்தேன். ஒன்று பேஹெட் அலையாத்திக் காட்டோரக் கருஞ்சேறு, அள்ளும்போதே அழுகிய முட்டை நாற்றம் வரும். இன்னொன்று நீர் வடியும்போது மேலே தெரியும் மணல் திட்டு. கருஞ்சேற்றில் துத்தநாகம் கிலோவுக்கு 392 மில்லிகிராம், மணலில் 131 தான். ஜாடிக்கு 20 ஆம்பிபாட் (சேற்றில் வாழும் இறால் போன்ற சின்ன உயிர்) விட்டு 10 நாள் வைத்தேன். கருஞ்சேற்றில் சராசரியாக 18 உயிரோடு இருக்கின்றன, மணலில் 7! லேபிள் மாறிவிட்டது போல என்று நினைத்து, அதே கருஞ்சேற்றை ஓவனில் 60 டிகிரியில் உலர்த்தி, பொடித்து, சலித்து, கடல்நீர் ஊற்றி மறுபடி வைத்தால் 3 தான் மிச்சம். அதே சேறு, அதே துத்தநாகம். என் தாத்தா இந்தக் குடாவில் வலை போட்டவர். இதைப் பற்றித் தப்பாக எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உப்பங்கழி:
லேபிள் சரியாகத்தான் இருக்கும் தங்கச்சி. மொத்த அளவை மட்டும் பார்த்ததுதான் சிக்கல். அந்த நாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன, அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படிகிறது. அப்புறம் செம்பு, ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் எது வந்தாலும் இரும்பைத் தள்ளிவிட்டுச் சல்பைடைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அவற்றின் சல்பைடுகள் இரும்புச் சல்பைடைவிடக் கரையாதவை. அப்படிப் பிடிபட்ட உலோகம் துகள்களுக்கு இடையிலுள்ள நீருக்கு வருவது மிகக் குறைவு, அதனால் செவுள் வழியாக உடம்பில் ஏறுவதும் குறைவு. மணலில் பிடித்து வைக்க ஆளில்லை. ஓவனில் வைத்தபோது அந்தப் பிடியை நீங்களே அவிழ்த்துவிட்டீர்கள்: சல்பைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அமிலமும் உண்டாகி, உலோகம் விடுபட்டது.

ஈரச் சேற்றைப் புட்டியின் வாய்வரை நிரப்பி, காற்றுப் படாமல் நைட்ரஜனுக்குள்ளேயே கையாண்டு, குளிர்ந்த 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெளியேறும் சல்பைடை அளந்து பாருங்கள், அதுதான் ஏவிஎஸ். அதே அமிலத்தில் கரைந்து வரும் உலோகங்களின் கூட்டு எஸ்இஎம். இரண்டும் மைக்ரோமோலில், அதாவது அணுக்களின் எண்ணிக்கைக் கணக்கில், இருக்க வேண்டும், எஸ்இஎம்மிலிருந்து ஏவிஎஸ்ஸை மில்லிகிராமில் கழிக்கவே கூடாது. துத்தநாகத்தின் அணு எடை 65.4, ஆக உங்கள் 392 என்பது கிராமுக்கு 6 மைக்ரோமோல்.

சாட்ஸ்வர்த் அக்கா:
அவர் சொல்வது சரி, ஆனால் அம்மோனியா பார்த்தாயா? எல்லா ஜாடியிலும் மேல்நீரின் அம்மோனியா, பிஹெச், கரைந்த ஆக்சிஜன் எழுதி வை. உலர்த்தி மறுபடி நனைத்த சேறு அம்மோனியாவை விடும், அதனால் செத்தாலும் உலோகத்தால் செத்தது போலவே தெரியும். ஆர்கானிக் கார்பனையும் அளந்துவிடு. சல்பைடு போதாமல் மிஞ்சுகிற உலோகத்தில் ஒரு பங்கை, முக்கியமாகச் செம்பை, அது பிடித்து வைக்கும்.

மெரபேங்க் பெண்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லாம் கிராமுக்கு மைக்ரோமோலில். கருஞ்சேறு: ஏவிஎஸ் 15, எஸ்இஎம் 6.4. சல்பைடு இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது! மணல்: ஏவிஎஸ் 0.3, எஸ்இஎம் 2.3, ஆர்கானிக் கார்பன் 0.5 சதவீதம். உலர்த்திய சேற்றில் ஏவிஎஸ் இல்லை என்றே சொல்லலாம். அம்மோனியா மூன்றிலும் குறைவு. ஆனால் உலர்த்திய ஜாடியில் பிஹெச் இறங்கியிருந்தது, முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

உப்பங்கழி:
அருமை. மணலில் மிச்சம் 2.0, அதை 0.005 ஆல் வகுத்தால் ஒரு கிராம் ஆர்கானிக் கார்பனுக்கு 400 மைக்ரோமோல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2005 வழிகாட்டியில் 130க்குக் கீழே பாதிப்புக்கு வாய்ப்பில்லை, 3000க்கு மேலே வாய்ப்பு அதிகம், நடுவில் இருப்பது உறுதியில்லாத பகுதி. ஆகவே "மணலில் துத்தநாகம் கொன்றது" என்று எழுதாதீர்கள், துகள்களுக்கு இடையிலுள்ள நீரை எடுத்து அதிலுள்ள உலோகத்தை அளந்த பிறகு எழுதுங்கள். சல்பைடு மிஞ்சினால் இந்த உலோகங்களால் சாகாது என்று சொல்வதில் இந்த முறை பலமானது, உலோகம் மிஞ்சினால் சாகும் என்று சொல்வதில் அவ்வளவு பலமில்லை.

சாட்ஸ்வர்த் அக்கா:
கருஞ்சேறு பாதுகாப்பானது என்றும் எழுதிவிடாதே, எனக்கு அதுதான் பயம். சேற்றையே தின்னும் புழுக்களுக்குக் குடல் வழியாகவும் உலோகம் ஏறும், அதை ஏவிஎஸ் கணக்கு காட்டாது. வளை தோண்டும் இறால்கள் ஆக்சிஜன் நீரை உள்ளே இழுப்பதால் வளைச்சுவரில் சல்பைடு குறைந்திருக்கும். நீ எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் அள்ளினாய்? பெரும்பாலான உயிர்கள் இருக்கும் மேல் 2 சென்டிமீட்டரில் ஏவிஎஸ் மிகவும் குறைவாக இருக்கலாம். குளிர்காலத்திலும் பொதுவாகக் குறையும், தூர் வாரிக் கலக்கினாலும் போகும்.

மெரபேங்க் பெண்:
10 சென்டிமீட்டர் வரை மொத்தமாக அள்ளி வாளியில் கலக்கிவிட்டேன் அக்கா. அடுத்து நீர் வடியும்போது மறுபடி போகிறேன், இந்த முறை குழாயில் எடுத்து 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நைட்ரஜன் பைக்குள் வெட்டுகிறேன். இங்கே குளிர்காலமான ஜூலையில் இன்னொரு முறை. ஆம்பிபாட்டோடு சேற்றைத் தின்னும் ஒரு பாலிகீட் (கடல் வளையப் புழு) வகையும் சேர்த்து வைக்கிறேன்.